பூம்புகார்லேர்ந்து வேளாங்கண்ணி வரை ஒருநாள் கார் எடுக்குறீங்களா

மொதல்ல மஞ்ச போர்டு வண்டியான்னு, அதாவது வாடகைக்குன்னே பதிவு பண்ணதான்னு பாருங்க, ஏன்னா நடுவுல காரைக்கால் வருது, அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், தமிழ்நாடு இல்ல, அதனால பர்மிட் யாரு பொறுப்புன்னு முந்தின நாளே கேட்டு வச்சுக்கணும்.

ரேட் பேசும்போது "நாள் வாடகை எவ்ளோ"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்றாதீங்க. எத்தன கிலோமீட்டர் அதுல அடங்கும், மேல ஓடுனா கிலோமீட்டருக்கு எவ்ளோ, டிரைவர் பேட்டா தனியா, டோல், பார்க்கிங் யாரு குடுக்குறதுன்னு எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிருங்க. நான் ஒரு தடவ மயிலாடுதுறைல ஏறுனேன், மீட்டர் என்னமோ கும்பகோணம் ஷெட்லேர்ந்தே ஓடிருக்கு, திரும்பிப் போறதுக்கும் சேத்து காசு கேட்டாங்க! இப்பல்லாம் ஏறுன உடனே மீட்டர ஒரு போட்டோ எடுத்துருவேன்.

பிளான இறுக்கமா போடாதீங்க, காலைல பூம்புகார், அப்பறம் திருக்கடையூர், கோயில் மத்தியானம் நடை சாத்திருவாங்க அதனால அத தள்ளிப்போடக் கூடாது, வெயில் நேரத்துல தரங்கம்பாடி. 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை, தடிச்ச செவுரு, உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கும். சாயங்காலம் நாகூர், வேளாங்கண்ணி. கோடியக்கரையும் பாக்கணும்னா அதுக்கு இன்னொரு நாள் வச்சுக்குங்க, ஒரே நாள்ல அடச்சா ரோட்டதான் பாப்பீங்க.

டிரைவர் அண்ணன்கிட்ட "மீன் சாப்பாடு எங்கண்ணே நல்லாருக்கும்"னு கேளுங்க, அவருக்கும் சேத்து சொல்லுங்க.