நள்ளிரவு ஊதுபத்திக்குக் குவான் இம் கோயில்: நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயில் 1870இல் வந்தது. பக்கத்தில், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்முக்கான கோயில் 1884இல். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு அங்கேயும் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று நம்மவர்கள் பலர் கிளம்புவார்கள். தாராளமாகப் போகலாம். நம் கோயில் பழக்கம் எல்லாமே அங்கே செல்லும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

முதல் தவறு, பன்னிரண்டு மணிக்குச் சரியாகப் போய் நிற்பது. பழைய சீனக் கணக்கில் இரவு 11 மணிக்கே மறுநாள் பிறந்துவிடும். புத்தாண்டின் முதல் ஊதுபத்தியை நட விரும்புகிறவர்கள் அதற்கும் வெகுநேரம் முன்பே வரிசையில் நிற்பார்கள். கூட்டம் வேண்டாமென்றால் பகலில் போங்கள்.

ஊதுபத்தி மூன்று போதும். கட்டுக்கட்டாகக் கொளுத்தினால் புகைதான் மிச்சம். தீயை வாயால் ஊதி அணைக்காதீர்கள், கையால் விசிறுங்கள். இது நமக்கும் தெரிந்த மரியாதைதான். நெரிசலில் நெஞ்சளவில் பிடித்தால் முன்னால் நிற்பவரின் முதுகு சுடும், தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். சாம்பல் கையில் விழும் என்பதால் முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. நைலக்ஸ் புடவை வேண்டவே வேண்டாம். சாம்பல் நிரம்பிய ஊதுபத்திச் சட்டியில் நடும்போது இடது கையால் நடுவது மரபு. உயிர்க்கொலை செய்வது வலது கை என்பது அவர்கள் சொல்லும் காரணம். நமக்குக் கை தானாக மாறிவிடும்! மாறினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குறி கேட்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மண்டியிட்டு, மனத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்து, மூங்கில் குச்சிகள் உள்ள குவளையை முன்பக்கம் சாய்த்துக் குலுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் எதுவும் விழாது, வேகமாக ஆட்டினால் கொத்தாக விழும். இரண்டு விழுந்தால் திரும்பப் போட்டு மறுபடி குலுக்குங்கள். ஒரு குச்சி விழுந்ததும், அதன் எண்ணுக்குரிய பலன் எழுதிய சீட்டை வாங்க ஓடக்கூடாது. பிறை வடிவச் சிவப்புக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டுப் பாருங்கள்: ஒன்றின் தட்டைப் பக்கமும் மற்றதன் வளைந்த பக்கமும் மேலே இருந்தால் அந்தக் குச்சி உங்களுடையது. இரண்டும் வளைந்த பக்கம் காட்டினால் ‘இல்லை’. இரண்டும் தட்டையாக இருந்தால் தெய்வம் சிரிக்கிறது என்பார்கள், மறுபடி கேட்கலாம்.

குவான் இம்முக்குப் படைப்பது சைவம். வெங்காயம், பூண்டும் ஆகாது. பூவும் பழமும் போதும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கறுப்பும் வெள்ளையும் துக்க நிறம், அன்றைக்கு உடுத்தாதீர்கள்.

சீன நண்பரோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. மொய்க் கணக்கில் 11, 51 என்று அங் பாவ் (சிவப்பு உறையில் வைக்கும் அன்பளிப்புப் பணம்) கொடுத்துவிடாதீர்கள். ஒற்றைப்படை அவர்களுக்குச் சாவு வீட்டுப் பணம். இரட்டைப்படையிலும் 4 மட்டும் ஆகாது, அதன் ஒலி ‘சாவு’ என்ற சொல்லைப் போலிருக்கும். ஆரஞ்சுப் பழமும் ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும்.