ஈரல் இழைய ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரலுக்குப் பரவிய புற்றுநோயை ஆராயும் ஆர்வத்தோடு திருகோணமலையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் இளையோர், ஒரு தலைமுறைக்கு முன் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்வதைக் கண்டே இதை எழுதுகிறேன். பெயர்ச்சீட்டு ஒட்ட மறப்பதும் கையுறையின்றி வேலை செய்வதும் தவறென்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெட்டாமல் போர்மலினில் போடுவது

இத்தனை ஆண்டுகளின் பின்னரும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். அகற்றப்பட்ட ஈரற்துண்டை முழுதாக, கைக்குக் கிடைத்த போத்தலுக்குள் அழுத்தி, மேலே சிறிது போர்மலினை (இழையத்தைக் கெடாமல் பதப்படுத்தும் திரவம்) ஊற்றி மூடிவிட்டால் மாதிரி பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். போர்மலின் இழையத்துக்குள் முதல் மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் ஆழந்தான் செல்லும். உள்ளே போகப் போக அந்த வேகமும் குறையும். 6 சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டின் நடுப்பகுதியை அது அடைய நாட்கள் ஆகும். அதற்கிடையில், நொதியங்கள் நிறைந்த உறுப்பான ஈரல், நமது கரையோர வெக்கையில் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும். கருவாடு போடுபவர்கள் பெரிய மீனைப் பிளந்து, சதையைக் கீறிவிட்டுத்தான் உப்பிடுகிறார்கள். முழு மீனின் மேல் உப்பைக் கொட்டினால் உள்ளே அழுகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், பெருங்குடற் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்த ஒருவருடைய மாதிரி, வெளியூர் வைத்தியசாலையொன்றிலிருந்து கந்தளாய் வழியாக எங்களுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அகற்றியதைத் திங்கட்கிழமை காலையில் பெற்றோம். வெட்டிப் பார்த்தபோது வெளியே ஒரு மெல்லிய வளையம் மட்டும் சாம்பல் கலந்த கபில நிறத்தில் இறுகியிருக்க, உள்ளே முழுவதும் சிவந்து, குழைந்து, நாற்றமடித்தது. கட்டியும் ஈரலும் சந்திக்கும் விளிம்பைப் பார்ப்பதே அந்த ஆய்வின் நோக்கம். இணைப்பிழைய உறையொன்று கட்டியை ஈரலிலிருந்து பிரிக்கிறதா, கட்டி ஈரற்கலங்களின் இடத்தையே பிடித்து வளர்கிறதா, அல்லது அவற்றைத் தள்ளிக்கொண்டு வளர்கிறதா என்று வகைப்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டல் 2017இல் வெளியானது. உறையுள்ள வகையினர் சத்திரசிகிச்சையின் பின் பொதுவாக நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்பதால், அந்த விளிம்பு வெறும் அழகுக்காகப் பார்க்கப்படுவதல்ல. நாங்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்த கண்ணாடி வழுக்கிகளிலோ ஈரற்கலங்களின் கருக்கள் மங்கி, கலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று கிடந்தன. எந்த வகை என்று நேர்மையாகச் சொல்லவே முடியவில்லை. வயிற்றைத் திறக்கச் சம்மதித்து, தன் ஈரலின் ஒரு பகுதியை ஆய்வுக்கும் தர ஒப்புக்கொண்ட மனிதரிடம் போய் இன்னொரு துண்டு கேட்க முடியாது.

இதைவிட ஆபத்தானது, கெட்டுப்போனதே தெரியாமல் முடிவு எழுதுவது. மருந்துச் சிகிச்சையின் பின் கட்டியில் எவ்வளவு பகுதி இறந்திருக்கிறது என்று அளக்கும் ஆய்வில், தானாகச் செரித்துப்போன இழையத்தையும் இறந்த இழையமாகப் புதியவர் எண்ணிவிடுவார். உடலுக்குள் இறந்த பகுதியைச் சுற்றிப் பெரும்பாலும் அழற்சியோ நாரிழையமோ இருக்கும்; வெளியே எடுத்தபின் அழிந்ததில் அத்தகைய எதிர்வினை எதுவும் இராது. மாற்றம் கட்டி, ஈரல் என்ற வேறுபாடின்றி உள்நோக்கி ஒரே சீராகக் கூடிச்சென்றால் சந்தேகப்படுங்கள்.

செய்ய வேண்டியது கடினமல்ல. மாதிரியை அளந்து, படமெடுத்து, சத்திரசிகிச்சையில் வெட்டப்பட்ட முகத்துக்கு மை பூசிய பின், நீண்ட கூரிய கத்தியால் 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் சமாந்தரமாக வெட்டுங்கள். துண்டுகளுக்கிடையே போர்மலின் புகும்படி உறிஞ்சுதாளை வைத்து, அகன்ற வாயுள்ள வாளியில், இழையத்தின் கனவளவைப்போல் 10 மடங்குக்குக் குறையாத போர்மலினில் இடுங்கள். ஆர்.என்.ஏ. ஆய்வுக்கான சிறு துண்டை அதற்கு முன்பே, நோயறிதலுக்கு இடையூறு வராதபடி நோயியல் வைத்தியரின் அனுமதியோடு எடுத்து, திரவ நைதரசனில் உறையவைத்து, −80 பாகையில் வைக்க வேண்டும். உடனே வெட்ட ஆளில்லையென்றால் மாதிரியை 4 பாகையில் குளிரூட்டியில் வைக்கலாம். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், மெதுவாக உருவாகும் பனிப்பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும்.

கட்டியின் நடுவை மட்டும் எடுப்பது

பெருங்குடலிலிருந்து பரவிய கட்டியின் நடு பெரும்பாலும் இறந்த இழையமே. விளிம்பை எடுங்கள், கட்டியிலிருந்து விலகியுள்ள ஈரலிலும் ஒரு துண்டு எடுங்கள். புற்றுக்கலம் விதை, அது பரவும் உறுப்பு மண், விதை முளைப்பதற்கு ஏற்ற மண் வேண்டும் என்ற கருத்தை ஸ்டீபன் பஜெற் 1889இல் முன்வைத்தார். இன்றும் பலர் விதையை மட்டுமே வெட்டிக்கொண்டு வருகிறார்கள். ஈரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்காற்பங்கை ஈரல்வாயி நாளம் கொண்டுவருகிறது, குடலிலிருந்து புற்றுக்கலங்கள் வரும் வழியும் அதுவே. ஆனால் வளர்ந்த கட்டி தன் குருதியைப் பெரும்பாலும் ஈரல் நாடியிலிருந்து பெறுகிறது. ஒக்சாலிபிளாற்றின் என்ற புற்றுநோய் மருந்தைப் பெற்ற நோயாளியின் ஈரலில் குடாப்போலிகள் (ஈரற்கலங்களுக்கிடையே ஓடும் நுண்ணிய குருதிக்குழாய்கள்) சிதைந்திருக்கக்கூடும் என்பதும் கட்டிக்கு வெளியே பார்த்தால்தான் தெரியும்.

கபில நிறத் துணிக்கைகளை இரும்பென்று எழுதுவது

ஈரலில் குருதி அதிகம். அமிலத்தன்மையான போர்மலின் ஈமோகுளோபினோடு சேர்ந்து கபில நிறப் படிவை உண்டாக்கும். இரும்பை நீலமாகக் காட்டும் பேர்ள்ஸ் சாயத்தில் அது நீலமாகாது. முனைவாக்கிய ஒளியில் மின்னும். நடுநிலைத் தாங்கற் போர்மலினைப் பயன்படுத்துங்கள்.

பரபின் வெட்டில் கொழுப்புக்குச் சாயமூட்டுவது

இழையத்தைப் பரபின் மெழுகில் பதிக்கும்போது பயன்படும் அற்ககோலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்திருக்கும். இழையத்தை உறையவைத்து வெட்டும் உறைவெட்டு எடுங்கள்.

ஒரே பிறபொருளெதிரியை நம்புவது

பிறபொருளெதிரி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தில் ஒட்டி, அது இருப்பதைச் சாயத்தால் காட்ட உதவுவது. சைற்றோகெரற்றின் 20 என்ற புரதத்துக்குச் சாயம் ஏறிவிட்டது என்பதற்காக மட்டும், கட்டி பெருங்குடலிலிருந்து வந்தது என்று எழுதக்கூடாது. சைற்றோகெரற்றின் 7, சி.டி.எக்ஸ்.2 ஆகிய வேறு புரதங்களின் முடிவுகளோடும் நோயாளியின் வரலாற்றோடும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஈரலில் இயற்கையாகவே பயோற்றின் மிகுந்திருப்பதால், அவிடின் பயோற்றினில் ஒட்டுவதைக் கொண்டு நிறம் காட்டும் அவிடின்–பயோற்றின் முறையில் சாயமூட்டினால் இல்லாத புரதமும் இருப்பதுபோல் நிறம் காட்டும். பயோற்றினைப் பயன்படுத்தாத பொலிமர் முறையே நல்லது. பிறபொருளெதிரி இடாத ஒப்பீட்டு வழுக்கி பக்கத்தில் இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

நேரத்தை எழுதாமல் விடுவது

குருதியோட்டம் நிறுத்தப்பட்ட நேரம், வெளியே எடுத்த நேரம், போர்மலினில் இட்ட நேரம் ஆகிய மூன்றையும் சத்திரசிகிச்சைக்கூடத்திலேயே எழுதுங்கள்.