மேலே மழை, கீழே வெயில்: அருவிக்கும் மலைக்கும் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் பிறந்தால் போதும், தென்காசிப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் எல்லாம் போன் போட்டு, "குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சா, தண்ணி விழுதா?" என்று விசாரிப்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் அருவிக்குப் போய் இறங்கியதும், மலைக்கு மேலே மழை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தால் பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அருவிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் ஆளைக் கொல்வது இதுதான்.

அருவியில் விழுவது நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழை இல்லை. மேலே காட்டுக்குள் பல ஓடைகளில் சேர்ந்த தண்ணீர் அது. கொடைக்கானல் மலையில் மழை கொட்டினால் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையில் வெள்ளம் வரும். பெரியகுளத்தில் அப்போது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நடந்ததும் இப்படித்தான். சீசன்கூட இன்னும் தொடங்கவில்லை. மலையில் பெய்த கோடை மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி அடித்து ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான்.

தண்ணீர் சொல்லாமல் வருவதில்லை, பெரும்பாலும் ஒரு சின்ன அவகாசம் தரும். தெளிவாக விழுந்த தண்ணீர் லேசாகக் கலங்கிச் செம்மண் நிறம் காட்டும். சருகும் சுள்ளியும் கூட வரத் தொடங்கும். இரைச்சல் கனக்கும். கணுக்கால் அளவு ஓடியது முழங்காலைத் தொடும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும், அதுவும் பக்கவாட்டில் மேடான இடத்துக்கு. தண்ணீர் ஓடும் வழியிலேயே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம்தான் முந்தும். எதிர்க்கரையில் பையோ செருப்போ கிடந்தால் கிடக்கட்டும். போலீஸ்காரர் விசில் அடித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகே கீழே வருகிறது. அதனால்தான் வேகம் அடங்கி நாம் நின்று குளிக்க முடிகிறது. எல்லா அருவிக்கும் இப்படி ஒரு பள்ளம் வாய்க்காது. வழியில் தென்படும் பெயர் தெரியாத அருவியில் நேர் கீழே போய் நிற்பது ஆபத்து. தண்ணீரோடு கல்லும் கட்டையும் விழும். அடியில் உள்ள தடாகத்தில் குதிப்பது அதைவிட மோசம். ஆழமும் தெரியாது, பாறை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. போதாததற்கு, நுரைத்துக் கிடக்கும் தண்ணீரில் பாதி காற்று என்பதால் உடம்பு மிதக்காது. கிணற்றில் நன்றாக நீந்துகிறவரும் அங்கே திணறுவார். குடித்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு விஷயம் தெரிந்ததே. ஏற்கெனவே பாசி பிடித்த பாறையில் அடுத்தவர் வழுக்கி விழ நாமே வழி செய்ய வேண்டாம்.

இனி மலையேற்றம். மழைக்காலத்தில்தான் காடு ஆபத்து, பிப்ரவரி மார்ச்சில் காய்ந்திருக்கும், ஏறுவது சுலபம் என்று ஒரு எண்ணம் உண்டு. அந்தக் காய்ந்த புல்தான் விஷயமே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. பயத்தில் மேட்டை நோக்கி ஓடுகிறவரைத் தீ எட்டிப் பிடிப்பது இதனால்தான். புல் இல்லாத வெறும் பாறையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோ பக்கவாட்டில் இருந்தால் அங்கே போக வேண்டும். தீப் பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதைக் கெடுபிடி என்று திட்டுகிறவர்கள் குரங்கணியை மறந்தவர்கள்.

அனுமதி இல்லாத பாதையில் போவதும் இதோடு சேர்ந்ததுதான். மேப்பில் கோடு தெரிகிறது, யாரோ ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள் என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் அது குற்றம். அபராதம் கூட இரண்டாம்பட்சம், கால் பிசகி விழுந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று யாருக்குமே தெரியாது. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் காடு தெரிந்த உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். யானை போன தடம் எது, சாணம் எவ்வளவு புதுசு என்று அவர் பார்த்துச் சொல்வதை எந்த ஆப்பும் சொல்லாது. அவர் பேசாதே என்றால் பேசக் கூடாது, புளூடூத் ஸ்பீக்கரைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது.

அப்புறம், தாமதமாகக் கிளம்புவது. நம் பகுதியில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் கும்மிருட்டு. மேற்கே மலை மறைத்தால் அதற்கும் முன்பே. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டு, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். போன் டார்ச்சை நம்பக் கூடாது, தலையில் மாட்டும் விளக்கு வேண்டும்.

அட்டைக்குப் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது உறையவிடாமல் செய்வதே அட்டையின் வேலை. கழுவித் துடைத்துத் துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

உடம்பைக் கணக்கில் எடுக்காமல் ஏறுவதுதான் கடைசித் தவறு. கோவை பக்கத்து வெள்ளியங்கிரிக் கோயிலுக்குப் போக ஏழு மலை ஏற வேண்டும். பக்தியில் ஏறுகிறோம், ஒன்றும் ஆகாது என்று இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. அங்கே டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூன்றாவது மலையில் நெஞ்சு அடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், நாலாவதைப் பற்றி யோசிக்காதீர்கள். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை, ஏறத் தேவைப்படவில்லை என்று பாதி வழியில் போட்டுவிடாதீர்கள். முழங்காலுக்கு அது தேவைப்படுவது இறங்கும்போதுதான்.