இன்குபேட்டரில் குஞ்சு பொரித்தலும் நலிந்த குஞ்சுகளுக்கு உதவுதலும்

காற்றாடி பொருத்திய இன்குபேட்டரில் கோழி முட்டைகளை 37.5 டிகிரி செல்சியஸில் வைத்து, நாள்தோறும் மூன்று முறையேனும் திருப்பிவிட வேண்டும். 18ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு உயர்த்திய பிறகு மூடியைத் திறவாதிருப்பதே நல்லது. ஆவலால் அடிக்கடி திறந்தால், உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டில் துளையிட்ட குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் சவ்விலுள்ள இரத்த நாளங்கள் அறுபடும். மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுமையாக இழுக்கப்பட்டிராது. 24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றமில்லையெனில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, துளையைச் சுற்றிச் சிறிது சிறிதாக ஓட்டை அகற்றலாம். இரத்தம் கசிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கால்கள் விரிந்து நிற்க இயலாத குஞ்சுக்கு, வழுக்கும் செய்தித்தாளுக்குப் பதிலாகச் சொரசொரப்பான துணியை விரித்து, இரு கால்களையும் மென்மையான நாடாவால் இயல்பான இடைவெளியில் பிணைத்தால், பெரும்பாலும் சில நாள்களில் நேராகிவிடும்.