மெதுவான விண்டோஸ் கணினியைப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்தல்

கணினி மெதுவானவுடன் கண்ணில் பட்ட கோப்புகளையெல்லாம் அழிக்கத் தொடங்காமல், முதலில் முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள்.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியுடன் சேர்ந்து தாமாகவே இயங்கத் தொடங்கும் செயலிகளில் உடனடியாகத் தேவைப்படாதவற்றை முடக்கிவிடலாம். முடக்குவது நீக்குவதாகாது என்பதால், வேண்டும்போது மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். வைரஸ் தடுப்பு மென்பொருளை மட்டும் தொடவே கூடாது.

பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகச் சென்று தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இடம்பெறுவதைப் பலர் கவனிப்பதில்லை; அதையும் தேர்வு செய்துவிட்டால், சேமித்து வைத்த சான்றிதழ்களும் ரசீதுகளும் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழிந்துவிடும். எனவே ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே அழுத்துங்கள்.

விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிவாகியிருக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவற்றால் வேகம் கூடுவது அரிது. பிழை நேர்ந்தாலோ விண்டோஸையே மீண்டும் நிறுவ வேண்டி வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் கணினி திணறினால், பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்துவதே, என் கணிப்பில், செலவுக்கேற்ற பலனைத் தரும் வழி.