உடைந்த ஃபைபர் தொட்டிக்கு வீட்டிலேயே ஒட்டுப்போடுவது எப்படி?

பேச்சுவழக்கில் நாம் ஃபைபர் என்று சொல்லும் பொருள் உண்மையில் இரண்டின் கூட்டு. இழுக்கும் விசையைத் தாங்குவது கண்ணாடியிழை; அந்த இழைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது ரெசின். ரெசினைத் தாராளமாக ஊற்றினால் ஒட்டு உறுதியாகும் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. இழையில்லாமல் திரண்டு நிற்கும் ரெசின் இறுகிய பின் எளிதில் விரிசல் விடும் என்பதால், இந்த வேலை முழுவதிலும் இழைக்குத் தேவையான அளவு மட்டுமே ரெசின் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 3 மி.மீ. தடிமனுள்ள தொட்டிச் சுவரில் 10 செ.மீ. அகல ஓட்டை விழுந்திருப்பதாகக் கொள்வோம். உடைந்த ஓரத்தில் இழைகள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். இழையே இல்லாத வழவழப்பான பிளாஸ்டிக் என்றால் அது பாலிஎத்திலீன் தொட்டியாக இருக்கக்கூடும். அதில் இந்த ரெசின் ஒட்டாது.

வாங்க வேண்டியவை: ஆக்சிலரேட்டர் (இறுகுவதை விரைவுபடுத்தும் பொருள்) ஏற்கெனவே கலந்த பாலியஸ்டர் ரெசின், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடியிழை விரிப்பு), அசிட்டோன், பிரஷ், காற்று நீக்கும் ரோலர், 80 எண் உப்புத்தாள். ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கவே வேண்டாம். கோபால்ட் ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும்.

பாதுகாப்பைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்கிறேன். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துணி முகக்கவசமோ தூசி முகக்கவசமோ தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய கவசம்தான் வேண்டும். காற்றோட்டமான திறந்த இடத்தில், நெருப்போ தீப்பொறியோ அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை பறிபோகக்கூடும். அதனால் பக்கங்களும் மூடிய கண்ணாடியைப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள். மீறிப் பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தொட்டியைக் காலிசெய்து நன்றாக உலர்த்திய பின், ஓட்டையைச் சுற்றியுள்ள தளர்ந்த பகுதிகளை வெட்டி எடுங்கள். அடுத்து, வெளிப்புறத்திலிருந்து ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமன் 1 மி.மீ. என்றால் சரிவு 12 மி.மீ. என்பது கணக்கு; நம் சுவருக்குச் சுற்றிலும் 36 மி.மீ. வரும். நேரம் பிடிக்கும் இந்தப் படியைச் சுருக்கிவிடத் தோன்றும். ஆனால் புதிய இழை பழைய சுவரைப் பற்றிக்கொள்வது இந்தச் சரிவில்தான். இதைக் குறைத்தால் ஒட்டு மூடியைப் போலப் பெயர்ந்துவிடும். தேய்த்த தூசியைத் துடைத்து, அசிட்டோனால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். உட்புறத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டையை ஒட்டி, ஓட்டைக்கு முட்டுக்கொடுங்கள்.

மேட்டை 17, 14, 12 செ.மீ. வட்டங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மேட் இறுகிய பின் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் தரும். மூன்றும் சேர்ந்து 25 கிராமைத் தாண்டாது. மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். பிரஷ்ஷில் தங்குவதையும் சேர்த்து 100 கிராம் ரெசின் எடுத்தாலே மிஞ்சும்.

100 கிராம் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம் வரை; டப்பாவில் அச்சிட்ட அளவே இறுதியானது. கண்ணளவில் ஊற்றாமல் ஊசிக்குழலாலோ நுண்தராசாலோ அளந்து, ஒரு நிமிடம் அடிவரை கலக்குங்கள். மிதமான வெப்பத்தில் கால்மணி நேரத்தில் கூழாகத் தொடங்கிவிடும். ஆழமான குவளையில் அதிகம் கலந்துவைத்தால் உள்ளேயே சூடேறிப் புகையும். என் முதல் வேலையில் அரை கிலோவை ஒரேயடியாகக் கலந்து, பாதியைக்கூடப் பூசுவதற்குள் குவளை புகைந்ததைப் பார்த்த பிறகு, சிறு சிறு அளவாகத் தட்டையான பாத்திரத்தில்தான் கலக்கிறேன்.

சரிவின் மேல் மெல்லிய பூச்சு கொடுத்து, பெரிய வட்டத்தை முதலில் வையுங்கள். சிறியதிலிருந்து தொடங்குவோரும் உண்டு. பெரியது முதலில் இருந்தால் அது சரிவு முழுவதையும் நேரடியாகப் பற்றும், பின்னர் மேற்பரப்பைத் தேய்க்கும்போது அதன் இழைகளும் அறுபடாது என்பதால் நான் இம்முறையையே விரும்புகிறேன். பிரஷ்ஷை இழுத்தால் மேட் கலைந்துவிடும். நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ஊடுருவித் தெரியத் தொடங்கினால் ரெசின் ஏறிவிட்டது என்று பொருள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிய பின், முதலடுக்கு ஈரமாக இருக்கும்போதே மற்ற இரண்டையும் வையுங்கள்.

காற்றுப் படும் மேற்பரப்பு இறுகிய பின்னும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆக்சிஜன் அங்கே இறுகுதலைத் தடுப்பதே காரணம். கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசினைப் பயன்படுத்தினால் இது நேராது. ஒரு நாள் கழித்து முட்டு அட்டையை எடுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மட்டமாகத் தேய்த்து, நிறப்பூச்சு அடியுங்கள். மீந்த ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், திறந்த வெளியில் முழுவதும் இறுகவிட்டுக் குப்பையில் சேருங்கள். வாசனை முற்றிலும் போகும் வரை, குறைந்தது ஒரு வாரம், தொட்டியில் நீர் நிரப்ப வேண்டாம். குடிநீர்த் தொட்டியாக இருந்தால் அதற்கென்றே தகுதிச் சான்று பெற்ற ரெசினைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.