ஐந்து எண்களை வைத்து ஒரு ஓவல் கட்டுவோம்

ஓவல் என்றதும் முட்டைதான் நினைவுக்கு வரும். முடிவுறு வீழ்ப்புத் தளத்தில் (புரொஜெக்டிவ் தளம்: எண்ணிவிடக்கூடிய அளவு புள்ளிகளே உள்ள, எந்த இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும் தளம்) அதை மறந்துவிடுங்கள். இங்கே வளைவு கிடையாது, புள்ளிகள் மட்டும்தான். வரிசை 5 உள்ள, அதாவது ஐந்து எண்களை வைத்துக் கட்டிய தளத்தில், எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராத 6 புள்ளிகள் ஓர் ஓவல்.

படி 1: எண்கள் 0 முதல் 4 வரை மட்டுமே. கூட்டினாலும் பெருக்கினாலும் 5-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 2 × 3 = 6, அதாவது 1. ஆகவே 2-ஆல் வகுக்க, 3-ஆல் பெருக்கினால் போதும்.

படி 2: இரண்டு எண்களால் குறிக்கும் ஆயப் புள்ளிகள் 25. அப்புறம் ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு முடிவிலிப் புள்ளி (அந்தச் சாய்வுள்ள இணைகோடுகள் எல்லாம் கூடும் இடம்), செங்குத்துத் திசைக்கு இன்னொன்று. மொத்தம் 31. முடிவிலிப் புள்ளிகள் ஆறும் சேர்ந்து தனியே ஒரு கோடு.

படி 3: (அ, அ²) என்று எழுதிப் போங்கள்: (0,0), (1,1), (2,4), (3,4), (4,1). ஆறாவது, செங்குத்து முடிவிலிப் புள்ளி. வரைந்து பார்த்தால் சிதறிக் கிடப்பதாகத்தான் தெரியும், கவலை வேண்டாம்.

படி 4: 20 மும்மைகளையும் சோதிக்கத் தேவையில்லை. (அ, அ²), (ஆ, ஆ²) இரண்டையும் இணைக்கும் கோட்டின் சாய்வு அ + ஆ. (1,1), (3,4) எடுத்தால் 3 ÷ 2 = 3 × 3 = 9, அதாவது 4. சரி, 1 + 3-உம் 4தான். மூன்றாவதாக இ அதே கோட்டில் இருந்தால் அ + ஆ = அ + இ; ஆ, இ இரண்டும் ஒன்றாகிவிடும். செங்குத்துக் கோட்டிலோ (அ, அ²) வகைப் புள்ளி ஒன்றுதான் இருக்கும்.

படி 5: ஒரு புள்ளி வழியே 6 கோடுகள். ஐந்து மற்ற ஓவல் புள்ளிகளுக்குப் போய்விடும். மிஞ்சுவது, ஓவலை அந்தப் புள்ளியில் மட்டும் சந்திக்கும் தொடுகோடு. அ + ஆ ஒருபோதும் எட்டாத சாய்வு 2அ என்பதால், தொடுகோட்டின் சாய்வு அதுவே.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய எண் தொகுதியைக் களம் என்பார்கள். 4 அல்லது 8 உறுப்புகள் கொண்ட களத்தில் 1 + 1 = 0. அங்கே 2அ எப்போதும் 0! தொடுகோடுகள் எல்லாம் கிடைத்திசை முடிவிலிப் புள்ளியில் கூடிவிடும். அந்தப் புள்ளிக்குக் கருப்புள்ளி (ஓவலின் கரு) என்று பெயர். அதையும் ஓவலோடு சேர்க்கலாம், அப்போதும் மூன்று ஒரே கோட்டில் வராது.

ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள களத்தின் மேல் கட்டிய தளத்தில் ஓவல்கள் எல்லாமே கூம்பு வெட்டுகள் (நம் (அ, அ²) போல, ஓர் இருபடிச் சமன்பாட்டுக்கு உட்படும் புள்ளிகள்) என்று 1955-இல் பெனியாமினோ செக்ரே நிறுவினார். இரட்டைப்படையில் அது எல்லாத் தளத்திலும் பலிக்காது. வரிசை 8-இல் கருப்புள்ளியைச் சேர்த்து, பழைய புள்ளி ஒன்றை நீக்குங்கள். கிடைக்கும் 9 புள்ளிகளும் ஓவல்தான். ஆனால் பழைய கூம்பு வெட்டோடு 8 புள்ளிகள் பொது. வெவ்வேறு கூம்பு வெட்டுகள் இரண்டு 4 புள்ளிகளுக்கு மேல் பகிர முடியாது. ஆகவே இந்தப் புதிய ஓவல் கூம்பு வெட்டு அல்ல.